விவாத இழை: கூடலூரிலும் குன்னூரிலும் முற்போக்கு வேட்பாளர் என்று யாரைச் சொல்வது?

27 பிப்ரவரி 2021 – நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

நேற்று தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. என் வீடு பிரிவு 17 நிலத்தில், அதாவது வழக்கில் சிக்கிப் பட்டா கிடைக்காமல் கிடக்கும் பழைய தோட்டக் குத்தகை நிலத்தில் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக மின் இணைப்புக்கு மனுக் கொடுத்து வருகிறேன். இதுவரை என் வாசலுக்கு வந்த வேட்பாளர்கள் எல்லாரும் தங்களை முற்போக்காளர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். கட்சியை ஒதுக்கிவிட்டு, ஆளை மட்டும் பார்த்து, இவர் முற்போக்கானவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியுமா? முடியும் என்றால் எதைப் பார்ப்பது?

28 பிப்ரவரி 2021

நான் குன்னூர்த் தொகுதிக்காரன். கோத்தகிரிக்கு அருகே இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். உங்கள் தொகுதியை உங்கள் அளவுக்கு அறியேன். ஆனால் கேள்வி இரண்டு ஊருக்கும் பொதுவானது.

"நான் பிற்போக்காளன், எனக்கு வாக்களியுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டிய ஒருவரையும் நாற்பது ஆண்டுகளில் நான் கண்டதில்லை. ஆகவே அவர்கள் சூட்டிக்கொள்ளும் பெயரை விட்டுவிட்டு, அவர்களே கையெழுத்திட்டுத் தரும் காகிதத்திலிருந்து தொடங்கலாம். வேட்புமனுவோடு படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரத்தை ஒவ்வொருவரும் இணைத்தாக வேண்டும். 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் வாக்காளருக்குக் கிடைத்த உரிமை அது. வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கலாம். பெரும்பாலோர் வழக்குப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நம் மலையில் ஊன்றிப் படிக்க வேண்டியது நிலப் பக்கம். விவசாய நிலம், மனை, கட்டடம் ஒவ்வொன்றுக்கும் இடம், சர்வே எண், பரப்பு, பரம்பரையாக வந்ததா விலைக்கு வாங்கியதா என்ற விவரம், எல்லாம் அங்கே இருக்கும். வாழ்க்கைத் துணையின் பெயரில் உள்ளவையும் தனி வரிசையில் வரும். சீகூர் யானை வழித்தடத்து விடுதிகளைப் பற்றி 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, ஒருவருக்கு அந்த வழித்தடம் இருக்கும் மசினகுடிப் பக்கம் சர்வே எண் ஏதேனும் இருக்கிறதா என்பது, அவர் மேடையில் யானையைப் பற்றி உருகிப் பேசும் அரைமணி நேரத்தைவிட அதிகம் சொல்லும்.

சுருக்கமாக: வழக்கு உள்ளவரைத் தள்ளுங்கள், நிலப் பக்கத்தைப் படியுங்கள்.

1 மார்ச்

நேற்றைய கடைசி வரியின் முதல் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். பட்டாவுக்காகவும் மின்சாரத்துக்காகவும் சாலையில் உட்கார்ந்தவர் மேல் வழக்கு இல்லாமல் இருக்குமா? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகள் ஒருவருடைய பத்திரத்தில் வரிசையாக இருந்தால், அவர் தடையை மீறிக் கூடியிருக்கிறார், மறியல் செய்திருக்கிறார் என்று பொருள். அந்த வழக்குகள் 420உம் 307உம், அதாவது மோசடியும் கொலை முயற்சியும், உள்ளவருடைய வழக்குகளோடு ஒரே கூட்டுத்தொகையில் சேர்ந்து "ஐந்து வழக்குகள்" என்று செய்தியாகிவிடுகின்றன. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பிரிவையும், வழக்கு எந்த ஆண்டில் எதற்காகப் போடப்பட்டது என்பதையும் பாருங்கள். நாற்பது ஆண்டு பொதுவாழ்வில் ஒரு மறியல் வழக்குகூட இல்லாதவரைக் கண்டால் எனக்கு வேறுவிதமான சந்தேகம் வருகிறது.

4 மார்ச்

கூடலூர் நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "நூறு நாளில் பட்டா" என்று ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாராம். இதற்குச் சற்று விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் வீடு நிற்கும் நிலத்தின் கதை சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லாருக்கும் பாடம். அது கூடலூர் என்பது மட்டும் அவர்களில் பலருக்குத் தெரியாது. நிலம்பூர் கோவிலகம் என்னும் கேரள அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களை, அதாவது பரம்பரை உடைமை நிலங்களை, அரசு எடுத்துக்கொள்வதற்காக 1969இல் சட்டம் வந்தது. அதில் காடுகளைப் பற்றிய பகுதி செல்லாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974இல் 34ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் சட்டம் முழுவதையும், நீதிமன்றம் தொட முடியாதபடி சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பூட்டு செல்லுமா என்ற வழக்கில்தான் 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று தீர்ப்பளித்தார்கள். அந்த 1969 சட்டத்தில், தோட்டப் பயிருக்காகக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த நிலங்களைப் பற்றியது பிரிவு 17. பெரிய தோட்டங்களுக்கும் அரசுக்கும் நடந்த இந்த வழக்குகளுக்கு நடுவே, கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்களும், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களும் பட்டா இல்லாமலே பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். பட்டா இல்லாததால் மின்சாரமும் இல்லை.

ஐம்பது ஆண்டுச் சிக்கலை நூறு நாளில் அவிழ்ப்பேன் என்பவர் இந்தக் கதையை அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது நீங்கள் அறியமாட்டீர்கள் என்று நினைப்பவராக இருக்க வேண்டும். போதாததற்கு, மாநிலப் பட்டியலில் இருந்த காடு 1976இல் 42ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. காடு என்று வகைப்பட்ட நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு, 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். பட்டா தாமதமானாலும் மின் இணைப்பைப் பட்டாவிலிருந்து பிரித்துத் தருவதற்கு மாநில அரசை வற்புறுத்துவேன், முதலில் எந்தெந்த வீடுகள் என்ற கணக்கை அவையில் கேட்டு வாங்குவேன் என்று ஒருவர் சொன்னால், அது கைதட்டலுக்கு உதவாத பேச்சுதான். என் கணக்கில் அவருக்குத்தான் மதிப்பெண்.

இன்னொன்று. உங்கள் தொகுதி 2011 தேர்தல் முதல் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் ஆகியோர் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். ஆகவே நீலகிரியில் ஒரு பழங்குடியினர் சட்டமன்றத்துக்குப் போட்டியிடவே வழியில்லை.

5 மார்ச்

மேலே கடைசி வாக்கியம் பிழை, அவசரத்தில் எழுதிவிட்டேன். கூடலூரில் தான் பிறந்த தொகுதியில் ஒரு பணியர் பெண் நிற்க முடியாது என்பது வரைக்கும் சரி. உதகமண்டலமும் குன்னூரும் பொதுத் தொகுதிகள்; அங்கே எவரும் நிற்கலாம். பழங்குடியினருக்கு வைப்புத்தொகையும் பாதி, 5,000 ரூபாய்தான். அங்கே கதவை அடைப்பது சட்டம் அன்று, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி அலுவலகம். 234 இடங்களில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே. தோடர், கோத்தர் உட்பட ஆறு தொல்பழங்குடிகள் வாழும் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

9 மார்ச்

"எவரும் வேண்டாம் என்று நோட்டாவை அழுத்திவிடலாமே?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அழுத்தியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரித் தொகுதியில் நோட்டாவுக்கு விழுந்தவை 46,559 வாக்குகள். அந்தத் தேர்தலில் நாட்டிலேயே அதிகம். அதில் ஒன்று என்னுடையது. முடிவு வந்த மறுநாள் நாளிதழில் எண்ணைப் பார்த்தபோது நாங்கள் ஏதோ சாதித்துவிட்டதாக மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியைத் தவிர அதனால் விளைந்தது எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. நோட்டா முதலிடம் வந்தாலும் இரண்டாவதாக வந்தவரே வென்றவராவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

14 மார்ச்

நேற்று இலைக் கொட்டகையில் ஒரு வேட்பாளரைப் பார்த்தேன். யார் என்று எழுதப் போவதில்லை. அவர் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

மாலை நான்கு மணி. பசுந்தேயிலைச் சாக்குகள் தராசில் ஏறிக்கொண்டிருந்தன. ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் எடையில் கழிப்பார்கள். வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்கு ஏன் கழிவு என்று கேட்டால் தராசுக்காரர் வானத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் கரைவேட்டிகள் பத்துப் பேர் புடைசூழ அவர் வந்தார். கிலோவுக்கு முப்பது ரூபாய் உறுதியாக வாங்கித் தருவேன் என்றார். நாங்கள் கைதட்டினோம், நானும் தட்டினேன். தேயிலை வாரியம் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றிய அரசின் கீழ் இயங்குகிறது, இலை விலை குன்னூர் ஏலத்தைப் பின்தொடர்ந்து ஏறி இறங்குகிறது, சட்டமன்ற உறுப்பினர் ஒருவரால் அதை நிறுத்திப் பிடிக்க முடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தட்டினேன்.

கொட்டகையின் மறுபக்கம், இலையைச் சுமந்து வந்த பெண்கள் நின்றார்கள். என் தோட்டத்தில் பறிக்கும் மூன்று பேரும் அதில் இருந்தார்கள். இருவர் ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள், ஒருவர் உள்ளூர். வேட்பாளர் உள்ளூர்ப் பெண்ணை மட்டும் கும்பிட்டார். யாருக்கு இங்கே வாக்கு உண்டு என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்னும் வியப்புதான். அந்தப் பெண் கேட்டார்: இவர்களுக்கு முப்பது ரூபாய் வந்தால் எங்கள் கூலி எவ்வளவு ஆகும்? வேட்பாளர் சிரித்தார். எங்களைப் பார்த்தார். "எல்லாருக்கும் நல்லது நடக்கும்" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

தோட்டத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது மாநில அரசு. அதாவது, தம் கைக்கு எட்டாத விலையைப் பற்றி உறுதி கொடுத்தவர், தம் கைக்கு எட்டிய கூலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஏனென்றால் கூலியை உயர்த்துவேன் என்று அவர் சொல்லியிருந்தால் கைதட்டிய நாங்கள் முகம் சுளித்திருப்போம். பிரமாணப் பத்திரத்தைப் பற்றி நான் எழுதியதெல்லாம் சரிதான், அது வேண்டும். ஆனால் நண்பர் கேட்ட கேள்விக்கு விடை இந்தக் கொட்டகையில் இருப்பதாக நேற்றிரவு முதல் தோன்றுகிறது. ஒருவர் எந்தக் கூட்டத்தில் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பாருங்கள். தோட்ட உரிமையாளர்கள் முன்னால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பற்றிப் பேசுகிறாரா? விடுதிக்காரர்கள் முன்னால் யானை வழித்தடத்தைப் பற்றிப் பேசுகிறாரா? தம் சொந்தச் சாதிக் கூட்டத்தில் சாதி மறுப்புத் திருமணத்தைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்கிறாரா?

15 மார்ச்

"அப்படிப் பேசுபவர் தோற்றுப்போவாரே" என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். தோற்கக்கூடும். இந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் செலவு வரம்பு 30.80 லட்சம் ரூபாய் என்று ஆணையம் வைத்திருக்க, அதற்குள் நிற்பவரும் தோற்கக்கூடும். வெல்பவரை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வழியை நண்பர் கேட்கவில்லை.

21 மார்ச்

சட்டமன்றத்தால் என்னதான் ஆகும் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு. குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, 1989 மார்ச் 25 முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒன்றிய அரசு இத்தகைய திருத்தத்தை நாடு முழுமைக்கும் செய்தது 2005இல்தான். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் 2016இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சென்ற ஆண்டு வந்தது. இவை ஒரே கட்சியின் ஆட்சியில் வந்தவை அல்ல என்பதையும் கவனியுங்கள்.

1989 சட்டத்தில் ஒரு குறையும் இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. என் அக்காவுக்கு 1988இல் திருமணம், தங்கைக்கு 1991இல். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருத்திக்குச் சட்டப்படி பங்கு உண்டு, மற்றவளுக்கு இல்லை. இதை ஒரு வேட்பாளரிடம் சொல்லி, சட்டம் எழுதும்போது ஒரு தேதி என்ன செய்யும் என்று உணர்ந்தவர்தானா என்று சோதித்துப் பார்க்கலாம் என நினைக்கிறேன்.

22 மார்ச்

நேற்றைய குறிப்பைத் தங்கை படித்துவிட்டாள். காலையில் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, எனக்குச் சட்டப்படி பங்கு உண்டு என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பங்கு எங்கே என்று எழுதவில்லையே" என்றாள்.

எழுதிவிடுகிறேன். 1996இல் அப்பாவின் நான்கு ஏக்கரைப் பாகம் பிரித்தபோது, நானும் தம்பியும் ஆளுக்கு இரண்டு ஏக்கர் எடுத்துக்கொண்டோம். தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். எழுத்தர் படித்துக் காட்டியபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் அவளுக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கிக் கொடுத்ததாக நினைவு. சட்டமன்றம் அறுபது ஆண்டு தாமதமாகக் கொடுத்ததை நாங்கள் ஒரு மதியத்தில் திரும்ப வாங்கிக்கொண்டோம். சட்டத்தை மதித்து, முத்திரைத்தாளில்.

அப்படியானால் 14ஆம் தேதி நான் எழுதிய சோதனை என்னவாகிறது? கொட்டகையில் அந்த வேட்பாளர் பேசாமல் போனது எங்கள் முகத்தைப் பார்த்துத்தான். முகம் என்னுடையது. முற்போக்கு வேட்பாளரைத் தேடுகிற நான், எனக்கு நட்டம் தரக்கூடிய ஒன்றைச் சொல்லும் ஒருவர் வந்தால் அவருக்கு வாக்களிப்பேனா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டால், போன தேர்தல் வரைக்கும் இல்லை என்பதே விடை.

24 மார்ச்

வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்து, களத்தில் நிற்பவர்கள் யார் என்று தெளிவாகிவிட்டது. எங்கள் தொகுதிப் பத்திரங்கள் அனைத்தையும் இரண்டு இரவுகளில் படித்தேன். ஒரு சுயேச்சையின் பத்திரத்தில் கையிருப்பு ரொக்கம் என்ற இடத்தில் இருந்த தொகை என் மளிகைக் கடைப் பாக்கியைவிடக் குறைவு. அவரை முன்மொழிந்த பத்துப் பேரில் ஒருவர் என் பக்கத்துத் தெருக்காரர், அவரிடம் கேட்டேன். "நல்ல மனிதர்" என்றார். வேறு ஏதாவது? "நல்ல மனிதர்" என்றார் மறுபடியும்.

30 மார்ச்

இதுவரை எழுதியதற்கு வலுவான மறுப்பு ஒன்று கோவையிலிருந்து ஒருவரிடமிருந்து வந்துள்ளது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவி போய்விடும். ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே வீண், கட்சியைப் பாருங்கள் என்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். அவையில் பொத்தானோ கையோ, எதை உயர்த்துவது என்று கட்சிதான் சொல்லும். மானியக் கோரிக்கையின்மீது என்ன பேசுவது, எந்த வினாவை எழுதிக் கொடுப்பது, எந்த வெட்டுத் தீர்மானத்தில் தொகுதியின் பெயரைச் சேர்ப்பது, மாவட்ட ஆட்சியரிடம் எந்த ஊர்க் கோப்பைத் திறக்கச் சொல்வது என்பவற்றுக்குக் கொறடா வருவதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மலைச்சரிவுகளில் இருந்தவர்கள் தேடியது கட்சியின் தேர்தல் அறிக்கையை அல்ல, கூப்பிட்டால் தொலைபேசியை எடுக்கும் ஒருவரை.

என்றாலும், கட்சியைப் பார்க்காமல் ஆளை மட்டும் பார்க்கலாம் என்ற நண்பரின் முதல் கேள்விக்கு "முடியும்" என்ற தொனியில் பிப்ரவரியில் தொடங்கினேனே, அதை இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். கட்சி எந்தத் திசையில் போகிறது என்பதைப் பார்த்து இரண்டு பேராகக் குறைத்துக்கொள்ளலாம். அந்த இருவருக்குள் கொட்டகைச் சோதனையை வைக்கலாம்.

6 ஏப்ரல், இரவு

போட்டுவிட்டேன். வலக்கைக்கு ஒரு நெகிழிக் கையுறை கொடுத்தார்கள். சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் நின்று விழுந்தது. யாருக்கு என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், அவளிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

3 மே

நேற்று முடிவு வந்தது. குன்னூர் தி.மு.க., உதகமண்டலம் காங்கிரஸ், கூடலூர் அ.தி.மு.க. மூன்று தொகுதிக்கு மூன்று கட்சி. மலைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்துபேசுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2016இல் 21 பெண்கள் அவைக்குப் போனார்கள். இம்முறை 12 பேர். உள்ளாட்சியில் பாதி இடம் கொடுத்த மாநிலத்தில் 234இல் 12. இந்த இழையில் அறுபது பேர் எழுதினோம். பெண் வேட்பாளர் யார் என்று கேட்டவர் எவருமில்லை. நானும் கேட்கவில்லை.

11 ஜூலை

கூடலூர் நண்பரும் நானும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். அவருடைய தொகுதி உறுப்பினருக்கு ஒன்று, என் தொகுதி உறுப்பினருக்கு அதன் நகல். பட்டா தாருங்கள், மின்சாரம் தாருங்கள் என்று எழுதவில்லை. பிரிவு 17 நிலத்தில் மின் இணைப்பு இல்லாத வீடுகள் எத்தனை, ஊர்வாரியாகக் கணக்கு எடுக்கப்பட்டதா, எடுக்கப்பட்டிருந்தால் எந்த ஆண்டில் என்று வரும் கூட்டத்தொடரில் வினா எழுப்புமாறு மூன்று வரிகளில் கேட்டோம். தோட்டத்தில் பறிக்கும் பெண்களின் குறைந்தபட்சக் கூலி கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற நான்காவது வரியை என் நகலில் மட்டும் நான் சேர்த்தேன். எழுதிவிட்டு அரைமணி நேரம் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கைக்கு அறுபத்தைந்து சென்ட் எழுதிக் கொடுப்பது பற்றித் தம்பியிடம் பேசினேன். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சம் 25,000 ரூபாய் என்று விசாரித்து வைத்திருந்தேன். "தேர்தல் முடிந்துவிட்டதே அண்ணா" என்றான். என் பங்கிலிருந்து மட்டும் கொடுப்பதென்றால் எந்த ஓரத்தை அளப்பது என்று நேற்று தங்கையோடு தோட்டத்தில் நடந்து பார்த்தோம். அவள் ஓடைப் பக்கம் வேண்டும் என்றாள், அங்கேதான் இலை நன்றாக வரும்.

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டைகள் இரண்டும் வந்துவிட்டன. குன்னூர் அட்டையில் முத்திரையும் தேதியும் தெளிவாக இருக்கின்றன. கூடலூர் அட்டையில் ஒரு கையெழுத்து மட்டும் இருக்கிறதாம். யாருடையது என்று நண்பருக்குப் புரியவில்லை, படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், எனக்கும் புரியவில்லை.